“எந்த நம்பர் ஊசி, ரீச்சர்?” – இந்தக் கேள்வியை இனி என்னிடம் கேட்காதீர்கள்



2022 ஆடி மாதம் இதே பக்கத்தில் ஒரு பதிவு போட்டிருந்தேன். எங்கள் ஐயாவின் மொறிஸ் மைனரில் ஏ.என். ஊசியைக் கழற்றிவிட்டு ஈ.பி. ஊசி போட்டேன், லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடின கார் இப்போது 12 ஓடுகிறது என்று. கியூ.ஆர். கோட்டைக் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் வாங்கிய காலம். பெற்றோல் 450 ரூபா. அந்தப் பதிவுக்கு வந்த விருப்புக் குறிகளும் “ரீச்சர் ரீச்சர்தான்” என்ற கருத்துகளும் எனக்கு இனித்தது உண்மை. போன ஆடியில் முகநூல் அதை ‘நினைவுகள்’ என்று திரும்பக் கொண்டுவந்து காட்டியபோது, நானும் பெருமையோடு இன்னொரு தரம் பகிர்ந்தேன்.

அந்தப் பதிவை நேற்று எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று சொல்லாமல் போனால் அது களவு. அதனால் இது.

என்னிடம் கணிதம் படித்த ஒருவன் மைனர் வைத்திருக்கிறான். பெயர் போடவில்லை, தெரிந்தவர்கள் தெரியாத மாதிரி இருங்கள். கலியாண வீடுகளுக்குப் பொம்பிளை மாப்பிள்ளை ஏற்றுகிற கார். வெள்ளை நிறம், உள்ளே சிவப்புச் சீற், அவனுடைய வீட்டு அடுப்பு எரிவதே அதில்தான். நான் பகிர்ந்ததைப் பார்த்துவிட்டு அவனும் ஈ.பி. ஊசி எடுப்பித்துப் போட்டான். போட்டுவிட்டு ஐட்லிங்கைச் சரி பண்ணினான். கார் மணி மாதிரி நின்று ஓடியது. ஆவணியில் ஒரு கலியாணம், மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் போனான். காருக்குள் ஐந்து பேர், மேலே பெட்டிகள், எதிரே சோளகக் காற்று, நேரம் பகல் பன்னிரண்டு. முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்தார்கள். மாங்குளம் தாண்டமுதல் எஞ்சின் மூன்று காலில் நொண்டத் தொடங்கியது. தலையைக் கழற்றிப் பார்த்தால் மூன்றாம் சிலிண்டரின் எக்ஸோஸ்ட் வால்வு, விளிம்பில் பல் கடித்த பிஸ்கட் மாதிரி எரிந்து போயிருந்தது. வால்வு, சீற் வேலை, கஸ்கற், கட்டி இழுத்து வந்த கூலி. மூன்று வாரம் ஓட்டமில்லை. மூன்று முகூர்த்தம் போனது.

கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். அவன் என்னைக் குறை சொல்லவில்லை. “ரீச்சர் சொன்னா பிழையா இருக்காது எண்டு நினைச்சுத்தான் போட்டனான்” என்றான். முப்பத்தைந்து வருடம் படிப்பித்த எனக்கு அதைவிடப் பெரிய அடி இல்லை. வகுப்பில் நான் யாரைப் பிடித்து ஏசுவேன்? பக்கத்துக் கொப்பியைப் பார்த்து விடையை மட்டும் எழுதுகிறவனை. “செய்கை எங்கே?” என்று கேட்பேன். அதே நான் செய்கை இல்லாமல் விடையை ஊருக்குள் அவிழ்த்துவிட்டிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சண்டை பிடிக்கத்தான் வருகிறேன், முதலில் என்னோடு, பிறகு உங்களில் சிலரோடு.

மைனரில் இருப்பது எஸ்.யு. காபரேற்றர். ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம். இங்கிலாந்தில் சப்பாத்து வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்த ஹேர்பேட் ஸ்கின்னர் 1905 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை அது. தொடக்கத்தில் உள்ளே பித்தளைப் பிஸ்ரனுக்குப் பதிலாகத் தோல் துருத்திதான் இருந்தது. சப்பாத்துக்காரன் வீட்டுத் தோல்! 1926 இல் கொம்பனியை மொறிஸ் வாங்கினார். யோசனை மட்டும் அப்படியே நின்றது. எஞ்சின் எவ்வளவு காற்று இழுக்கிறதோ அந்த அளவுக்கு ஒரு பிஸ்ரன் மேலே எழும்பும். பிஸ்ரனின் அடியில் ஒரு ஊசி தொங்கும். ஊசி மேலே தடிப்பு, கீழே போகப்போக மெலிவு. அது ஜெட் என்ற சின்ன ஓட்டைக்குள் இறங்கி நிற்கும். பிஸ்ரன் எழும்ப எழும்ப ஊசியின் மெலிந்த பகுதி ஓட்டைக்கு வரும், இடைவெளி கூடும், பெற்றோல் கூட வரும். இதுதான் முழுக்கதை. வேறு காபரேற்றர்களில் நாலைந்து ஜெட் செய்கிற வேலையை இங்கே ஒரு ஊசியின் உடல்வாகு செய்கிறது.

அதனால்தான் அந்த உடல்வாகை இவ்வளவு நுணுக்கமாக அளக்கிறார்கள். தோளிலிருந்து ஒவ்வொரு எட்டில் ஒரு அங்குலத்துக்கும் ஒரு அளவு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கையும் விட நுணுக்கமாக. ஊசியின் கழுத்தில் அடித்திருக்கும் ஏ.என்., ஈ.பி., எச் 6, எம் என்பதெல்லாம் இந்த அளவுப் பட்டியல்களின் பெயர்கள். அவ்வளவுதான். அவை தரவரிசை இல்லை. அகரவரிசையில் பின்னுக்கு வருவது மெலிவு, முன்னுக்கு வருவது தடிப்பு என்று ஒரு ஒழுங்கும் கிடையாது. சப்பாத்தின் 7 ஐயும் 8 ஐயும் மாதிரி நினைத்துக்கொண்டு “ஒரு நம்பர் கூடப் போடவோ ரீச்சர்?” என்று கேட்கிறீர்களே, கூட என்றால் எந்தத் திசையில்?

ஒரு கணக்குச் செய்து காட்டுகிறேன். கணக்கு ரீச்சரிடம் வந்து மாட்டிக்கொண்டீர்கள், ஓட முடியாது. மைனரின் ஜெட் ஓட்டை 0.090 அங்குலம். ஐட்லிங்குக்குக் கிட்ட ஊசியின் விட்டம் 0.085 என்று வைப்போம். பெற்றோல் வரும் வளையத்தின் பரப்பு, இரண்டு விட்டங்களின் வர்க்கங்களின் வித்தியாசத்துக்கு நேர்விகித சமன். 0.0081 இல் 0.007225 போனால் 0.000875. இப்போது ஊசியை ஆயிரத்தில் ஒரு அங்குலம் மட்டும் மெலிவாக்குங்கள், 0.084. வித்தியாசம் 0.001044. பெற்றோல் பாதை 19 வீதம் கூடிவிட்டது! ஆயிரத்தில் ஒரு அங்குலம் என்பது மில்லிமீற்றரில் நாற்பதில் ஒன்று. உங்கள் தலைமயிரே அதைவிடத் தடிப்பாக இருக்கும். அதே ஆயிரத்தில் ஒன்றை ஊசியின் நுனிப்பக்கம், 0.070 இருக்கும் இடத்தில் எடுத்தால் கூடுவது 4 வீதம் சொச்சம்தான். ஆக, ஒரே அளவு தேய்ப்பு மேலே ஒரு விளைவு, கீழே வேறு விளைவு.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு எமரித் தாள் பிடிக்கிற மெக்கானிக்மாரை நினைத்துப் பாருங்கள். விரலுக்கு நடுவில் தாளை மடித்து, ஊசியை வைத்து, இரண்டு இழுவை. “கொஞ்சம் றிச் ஆக்கி விட்டிருக்கிறன்” என்பார்கள். எவ்வளவு? எந்த இடத்தில்? அவருக்கும் தெரியாது, ஆண்டவனுக்கும் தெரியாது. ஆனால் கழுத்தில் ஏ.என். என்ற எழுத்து அப்படியே இருக்கும். அடுத்ததாகத் திறக்கிறவன் அதைப் பார்த்து ஏ.என். என்று நம்புவான். எழுத்து பொய் சொல்லும்.

இது நான் கேட்ட கதை இல்லை. 1990 க்குப் பிறகு பெற்றோல் வராத காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை வயது வந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சேலைன் ரியூப்பால் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. புகையும் நாற்றமும் கண் எரிவும். ஐயா பெற்றோல் குழாயை எக்ஸோஸ்டில் சுற்றி மண்ணெண்ணெயைச் சூடாக்கி அனுப்பினார். போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அந்த நாளில் எங்கள் ஊசியையும் ஒருவர் எமரியில் இழுத்துக் கொடுத்தார். அப்போது அது தேவை, நான் அவரைக் குறை சொல்லவில்லை. கார் ஓடியது, இரண்டு தரம் பிரசவத்துக்கு ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. குறை எங்கே என்றால், பெற்றோல் திரும்ப வந்த பிறகும் அந்த ஊசியை மாற்றவேண்டும் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. வருடக்கணக்காகக் கறுப்புப் புகையோடு ஓடினோம். பிளக் மாற்றினோம், கொயில் மாற்றினோம், பெற்றோல் பம்ப் மாற்றினோம். ஊசியில் ஏ.என். என்று இருந்தது, புத்தகத்திலும் ஏ.என். என்று இருந்தது, அதனால் அதை யாரும் சந்தேகப்படவில்லை. கடைசியில் பாதை திறந்த பிறகு, லேத் பட்டறையில் மைக்ரோமீற்றர் கேட்டு நானே அளந்து பார்த்தேன். நடுப்பகுதியில் ஆயிரத்தில் மூன்று, நாலு அங்குலம் காணாமல் போயிருந்தது.

அப்படி அனுபவப்பட்ட ஒருத்தி பிறகு எப்படி 2022 இல் அந்தப் பிழையை விட்டாள் என்று கேளுங்கள். கேட்கவேண்டிய கேள்வி.

நல்ல நிலையில் உள்ள 1098 சி.சி. மைனர் லீற்றருக்கு 13, 14 கிலோமீற்றராவது ஓடவேண்டும். என்னுடையது 10 ஓடியது. ஈ.பி. போட்டதும் 12 வந்தது, நான் கொண்டாடினேன். ‘ஏன் முதலில் 10 தான் ஓடியது?’ என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஜெட்டைக் கழற்றிப் பார்த்திருப்பேன். போன மாதம்தான் பார்த்தேன், அவனுடைய வால்வு எரிந்த பிறகு. ஜெட்டின் ஓட்டை வட்டமாக இல்லை, முட்டை வடிவம். ஊசி நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் உரசி உரசிக் குடைந்திருக்கிறது. மேலே செய்த கணக்கை ஜெட்டுக்கும் செய்து பாருங்கள்: 0.090 ஓட்டை 0.091 ஆனால் ஐட்லிங் பக்கம் பரப்பு 20 வீதத்துக்கு மேல் கூடும். என் காரில் பெற்றோல் கூட வந்தது ஊசியால் இல்லை, தேய்ந்த ஜெட்டால். அதற்கு மேல் ஒரு மெலிவுக் கலவை ஊசியைப் போட்டதும், ஒரு பிழை மற்றப் பிழையைக் கொஞ்சம் மறைத்தது. நான் அதை மருந்து என்று எழுதினேன்.

அவனுடைய காரில் ஜெட் புதிசு. ஊசி ஏ.என்., தயாரித்தவர்கள் 1098 மைனருக்கென்று சொன்ன அதே ஊசி. ஒரு வருத்தமும் இல்லாத உடம்பு. அதற்குப் போய் என் மருந்தைக் கொடுத்தேன்.

ஐட்லிங் சரியாகத்தானே இருந்தது என்று கேட்கிறீர்களா? அங்கேதான் பெரிய பொறி இருக்கிறது, இதைப் பலர் விளங்கிக்கொள்ளாததால் சற்று நிற்கிறேன். ஜெட்டுக்குக் கீழே ஒரு நட் இருக்கிறது. ஆறு முகம். அதை மேலே திருகினால் ஜெட் ஏறும், கலவை மெலியும். கீழே இறக்கினால் கலவை தடிக்கும். ஐட்லிங் சரி பண்ணுவதென்றால் இதைத் திருப்பித்தான். எந்த ஊசியைப் போட்டாலும், கண்டது கடையதைப் போட்டாலும், இந்த நட்டைத் திருப்பி ஐட்லிங்கை மணி மாதிரி ஆக்கிவிடலாம். ஏனென்றால் அப்போது வேலை செய்வது ஊசியின் மேல் நுனி மட்டும். கார் றோட்டில் 60, 70 இல் போகும்போது வேலை செய்வது நடுப்பகுதி. ஏற்றத்திலோ எதிர்க்காற்றிலோ மிதிக்கும்போது அதற்கும் கீழே. கராஜ் வாசலில் நின்று காதால் கேட்டு “நல்லாயிருக்கு” என்று சொல்கிறவர் ஊசியின் அந்த மேல் நுனியை மட்டும்தான் பரீட்சித்தார். பத்துக் கேள்வியில் ஒரு கேள்வியைத் திருத்திவிட்டு 100 புள்ளி போட்டவர் அவர்.

மெலிந்த கலவை மெதுவாக எரியும். எக்ஸோஸ்ட் வால்வு திறக்கும் நேரத்திலும் நெருப்பு இன்னும் எரிந்துகொண்டிருக்கும், அந்தச் சுவாலை வால்வின் விளிம்பைத் தடவிக்கொண்டு வெளியே போகும். மைனரின் ஏ-சீரிஸ் எஞ்சினில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர் இரண்டும் எக்ஸோஸ்டுக்கு நடுவில் ஒரே வாசலைப் பங்கிடுகின்றன. அந்த இடம்தான் தலையில் ஆகச் சூடான இடம். அவனுக்கு மூன்றாம் வால்வு போனது விதியால் இல்லை.

இனி உங்கள் பக்கம்.

போன பதிவின் கீழே ஒருவர் எழுதினார், “கொஞ்சம் றிச்சா விட்டா எஞ்சினுக்குப் பாதுகாப்பு, ஏன் தலையிடி?” என்று. தலையிடி உண்டு. கூடுதலான பெற்றோல் எரியாமல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிவிட்டு, வளையங்களைத் தாண்டி, கீழே சம்புக்குள் இறங்கும். ஒயில் தண்ணியாகும். சுவரும் வளையமும் தேயும். எரிந்த வால்வு ஒரே நாளில் மாங்குளத்தில் நிறுத்தும். இது ஐந்து வருடம் எடுத்து, சத்தமில்லாமல் எஞ்சினையே சாப்பிடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கொழும்பில் இருக்கும் மச்சாளின் மகன் எச் 6 ஊசி கேட்டான். 1098 க்கு எச் 6 தடித்த கலவை ஊசி. ஏனடா என்றால், அக்சிலறேற்றரை மிதித்தால் கார் ஒரு கணம் விக்குகிறதாம், கலவை போதாதாம். மேலே குல்லாய் மாதிரி இருக்கிற அறையின் மூடியைத் திருகிக் கழற்றி உள்ளே ஒயில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். “அதுக்குள்ள ஒயில் விடுறதே?” என்று கேட்டான். அங்கே ஒரு சிறிய டாம்பர் இருக்கிறது. திடீரென்று மிதிக்கும்போது பிஸ்ரன் துள்ளி எழும்பாமல் அது பிடித்து வைக்கும், அந்தக் கண நேரம் பெற்றோல் கூடுதலாக வரும். ஒயில் இல்லையென்றால் பிடிப்பு இல்லை. 20 ஆம் தர ஒயில் கொஞ்சம் விட்டான், விக்கல் நின்றது. எச் 6 போட்டிருந்தாலும் விக்கல் ஓரளவு நின்றிருக்கும், பெற்றோல்தான் ஆறாக ஓடியிருக்கும். இப்படித்தான் ஒவ்வொரு பிழையான ஊசியும் ஒரு ‘வெற்றி’யோடு காருக்குள் போய் உட்காருகிறது.

பிஸ்ரனுக்கு மேலே உள்ள ஸ்பிரிங்குக்கும் இதே கதைதான். நுனியில் நிறம் பூசியிருக்கும். சிவப்பு நாலரை அவுன்ஸ், மஞ்சள் 8. யாரோ கையில் கிடைத்த மஞ்சளைப் போட்டுவிட்டால் பிஸ்ரன் எழும்பும் உயரம் குறையும், கலவை மாறும், நீங்கள் ஊசியைப் பழி சொல்வீர்கள்.

இன்ரநெற்றில் ‘பெற்றோல் மிச்ச ஊசி’ என்று விற்கிறார்கள். எந்த எஞ்சினுக்கு என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் என்கிறார்கள். எல்லா நோய்க்கும் ஒரே குளிசை விற்கிறவனை நாம் என்ன பெயரால் அழைப்போம்? நான் ஒன்று வாங்கிப் பார்த்தேன். கழுத்தில் எழுத்தே இல்லை. அதுவாவது நேர்மை.

ஈ.பி. ஊசி கெட்ட ஊசியா என்றால், இல்லை. 848 சி.சி. மினிக்கு அதேதான் ஸ்ராண்டட் ஊசி. அதே அளவு எச்.எஸ். 2 காபரேற்றர், அதே ஜெட், அதே ஊசி. அங்கே சரியானது, 1098 மைனரில் ‘மெலிவு’ என்று பெயர் எடுக்கிறது. ஏனென்றால் ஊசி தன்னந்தனியாக மெலிவும் இல்லை, தடிப்பும் இல்லை. எந்த எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்பதோடு சேர்த்துத்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள். நுவரெலியாவில் வேலை செய்யும் என் பழைய மாணவி ஒருத்தி மைனர் வைத்திருக்கிறாள். அங்கே உயரம் ஏறத்தாழ 1,870 மீற்றர், காற்றின் அடர்த்தி நம்மூரைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அவளுக்கு ஈ.பி. பொருந்தலாம், ஆனால் அவள் அந்தக் காரோடு யாழ்ப்பாணம் வந்து போவதென்றால் பொருந்தாது. இங்கிலாந்தில் இருக்கிறவர்களுக்கு வேறு கணக்கு: 2021 புரட்டாசியிலிருந்து அங்கே சாதாரண பெற்றோலில் 10 வீதம் வரை எதனோல். எதனோலில் ஏற்கெனவே ஒட்சிசன் இருக்கிறது, அதனால் அதே காற்றுக்கு நாலு வீதமளவு கூடுதல் பெற்றோல் வேண்டும். ஐயா 1965 இல் பாவித்த எண் லண்டனில் இன்று கொஞ்சம் மெலிவு. இதையெல்லாம் விசாரிக்காமல் “ரீச்சர் நம்பர்” என்று கேட்கிறீர்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகன், பொறியியலாளர், எழுதினான்: “மாமி, இதெல்லாம் பழைய முறை. சைலன்சர் குழாயில் ஒரு ஒட்சிசன் சென்சர் பூட்டுங்கோ. 14.7 காட்டினால் சரி, முடிஞ்சுது.” அரைவாசி சரி, முழுதாகப் பிழை. சென்சர் நல்ல சாமான். எனக்கு ஒன்று வாங்கி அனுப்பினால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், மருமகன் கவனிக்கவும். ஆனால் 14.7 என்பது பெற்றோலும் காற்றும் மிச்சமில்லாமல் எரிந்து முடியும் விகிதம். புதிய கார்களில் அதைப் பிடித்து வைப்பது புகை சுத்தம் செய்யும் கருவிக்காக. சமதரையில் ஆறுதலாக ஓடும்போது சரி. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு சோளகத்தை எதிர்த்து மிதிக்கும்போது 12.5, 13 பக்கம் வரவேண்டும், இல்லாவிட்டால் மறுபடி மாங்குளம்தான். இலக்கத்தைக் கருவி காட்டும். எந்த நேரத்தில் எந்த இலக்கம் வேண்டும் என்பதை நீதான் சொல்ல வேண்டும், மருமகன்.

அப்படியென்றால் ஊசியை எப்படித் தெரிவது? நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன்.

ஊசிக்குக் கை வைப்பது கடைசியில். முதலில் வால்வு இடைவெளி, 0.012 அங்குலம். பொயின்ற் இடைவெளி 0.015. பிறகு ரைமிங். காபரேற்றரில் ஜெட் வட்டமா முட்டையா என்று பாருங்கள். திறொட்டில் தண்டு ஆடுகிறதா பாருங்கள். ஆடினால் அந்த வழியாகக் களவுக் காற்று போகும். மிதவை மட்டம், டாம்பர் ஒயில், ஸ்பிரிங் நிறம். ஊசியின் தோள் பிஸ்ரனின் அடியோடு சமமாக இருக்கவேண்டும், உள்ளே போயிருந்தாலும் வெளியே நீட்டினாலும் அளவெல்லாம் பிழைத்துவிடும். ஜெட்டை முழுக்க மேலே ஏற்றிவைத்துப் பிஸ்ரனைத் தூக்கிவிட்டால் ‘டிக்’ என்று விழும் சத்தம் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் ஜெட் நடுவில் இல்லை, உரசுகிறது. இது ஒன்றையே நான் பத்து வருடம் செய்யவில்லை, அதன் சம்பளம்தான் அந்த முட்டை.

இவ்வளவும் சரியென்றால் புத்தகம் சொல்லும் ஊசியைப் போடுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு கார்களுக்குக் கதை அங்கேயே முடியும். தயாரித்தவர்கள் பகிடிக்கு அந்த எழுத்தைப் போடவில்லை.

முடியாவிட்டால், தலை இழைத்திருந்தால், கம்ஷாப்ட் மாற்றியிருந்தால், அப்போது றோட்டுக்குப் போங்கள். ஐட்லிங்கில் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் தடிப்பு. எஞ்சின் நிற்கப்பார்த்தால் மெலிவு. ஒரு கணம் கூடித் திரும்ப இறங்கினால் சரி. பிறகு கோப்பாய் – கைதடி வெளி மாதிரி நேரான, ஆள் நடமாட்டம் இல்லாத றோட்டில் ஒரே வேகத்தில் ஐந்தாறு கிலோமீற்றர் ஓடுங்கள். கிளச்சை மிதித்து உடனே சுவிச்சை நிறுத்தி, உருண்டு ஓரம் கட்டி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளை சாம்பல் என்றால் மெலிவு, கரி என்றால் தடிப்பு, பிஸ்கட் நிறம் வேண்டும். ஈயமில்லாத பெற்றோலில் நிறம் வெளிறித்தான் இருக்கும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 40 இல் ஒரு தரம், 70 இல் ஒரு தரம், முழு மிதியில் ஒரு தரம். ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதுங்கள். எந்த வேகத்தில் பிழை என்று தெரிந்தால் ஊசியின் எந்தப் பகுதி பிழை என்று தெரியும். அதன்பிறகு அளவுப் பட்டியலை விரித்து, அந்தப் பகுதியில் மட்டும் ஆயிரத்தில் ஒன்றோ அரையோ வித்தியாசமான ஊசி எது என்று தேடுங்கள். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. தேட ஒரு பின்னேரம் போகும். போகட்டும்.

“ரீச்சர், ஒரு பழைய காருக்கு இவ்வளவு பாடா, பேசாமல் ஜப்பான் காபரேற்றர் ஒன்றைப் பூட்டுங்கோ” என்று சொல்லப்போகிறவர்களுக்கு: உங்கள் கார், உங்கள் விருப்பம். ஆனால் அதற்கும் ஜெட் எண் இருக்கிறது, அதையும் யாரிடமோதான் கேட்கப்போகிறீர்கள்.

என் காருக்குப் புதிய ஜெட் வந்துவிட்டது. ஈ.பி. ஐக் கழற்றி, புதிய ஏ.என். போட்டேன். முதல் மூன்று தாங்கி பெற்றோலின் சராசரி லீற்றருக்கு 13.4. மூன்று வருடமாக நான் பெருமைப்பட்ட 12 ஐவிட அது கூட, புத்தகத்தில் எழுதியிருந்த சாதாரண ஊசியோடு.

தலை வேலைக்கான காசில் பாதியை அவனிடம் கொடுத்தேன். வாங்க மறுத்தான். அவனுடைய மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தேன், அவள் விவரமான பிள்ளை, வாங்கிக்கொண்டாள். போன ஞாயிறு இரண்டு பேரும் கோப்பாய் – கைதடி வெளியில் அவனுடைய காரை ஓடிப் பார்த்தோம். நான் கொப்பியோடு பக்கத்துச் சீற்றில். 40 இல் நல்ல நிறம். 70 இல் நல்ல நிறம். முழு மிதியில் மூன்றாம் பிளக் மட்டும் இன்னும் கொஞ்சம் வெளிறல்தான். புதிய வால்வாலா, ரைமிங்கா, வேறேதாவதா என்று அடுத்த ஞாயிறு பார்க்கவேண்டும். தை மாதத்தில் அவனுக்கு நாலு கலியாணம் பதிவாகி இருக்கிறது.

மைனர் வைத்திருக்கிறவர்கள் அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வரலாம். மைக்ரோமீற்றர் என்னிடம் இருக்கிறது. பிளக் கழற்றுகிற சாவியும் ஒரு கொப்பியும் நீங்கள் கொண்டுவாருங்கள்.

– ரீச்சர்